முழக்கம் யாருடையது? விளையாட்டு ஒளிபரப்பும் இரவல் சொற்களும்

ஒரு விளையாட்டுத் தொடரின் உரிமையை வாங்கும் தொலைக்காட்சி நிறுவனம், அந்தத் தொடரைப் பற்றிப் பேசுவதற்கான சொற்களையும் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொடருக்கு ஒரு செல்லப்பெயர், இறுதிக் கட்டத்துக்கு ஓர் அடைமொழி, விளம்பரத்துக்கு ஒரு முழக்கம், இடைவேளையில் காட்ட ஒரு புதுமாதிரி வரைபடம் என்று தேவை நீண்டுகொண்டே போகும். இவற்றில் பல அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் பிறப்பதில்லை. நாளிதழின் விளையாட்டுப் பத்தியிலோ, ஏதோ ஒரு சங்கத்தின் இதழிலோ, ஆட்டக்காரர்களின் ஓய்வறைப் பேச்சிலோ, மைதானத்தின் மலிவு டிக்கெட் வரிசையிலோ பிறந்து, ஒளிபரப்பின் தோளேறி ஊரெல்லாம் பரவுகின்றன. பரவிய பிறகு அவை யாருக்குச் சொந்தம், முதலில் சொன்னவருக்கு என்ன பங்கு என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் பல நாடுகளில் விடை சொல்லியிருக்கின்றன. அந்த விடைகளில் பெரும்பாலானவை முதலில் சொன்னவருக்குச் சாதகமாக அமையவில்லை.

இந்தக் கேள்வியை முழுமையாகப் பார்க்க உதவுவது அமெரிக்கக் கூடைப்பந்தின் ‘மார்ச் மேட்னஸ்’ கதை. இல்லினாய் மாநிலத்தின் பள்ளிகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டி 1908-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்துவந்தது. அதை நடத்திய பள்ளிச் சங்கத்தின் அலுவலர் ஹென்றி போர்ட்டர், 1939-இல் சங்க இதழில் ‘மார்ச் மேட்னஸ்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். மார்ச் மாதம் வந்தால் ஊர் ஊராகப் பந்தாட்டப் பைத்தியம் பிடித்து அலைவதைப் பற்றிய கட்டுரை அது. 1942-இல், போர்க்காலத்தில், அதே கருத்தைக் கவிதையாகவும் எழுதினார். அந்தச் சொற்றொடர் இல்லினாய் மக்களின் வாயில் தங்கிவிட்டது. நாற்பதாண்டுகள் அது பெரும்பாலும் மாநில எல்லைக்குள்ளேயே புழங்கியது.

1982-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி, பல்கலைக்கழக அணிகளின் தேசியப் போட்டியை ஒளிபரப்பியது. வர்ணனையாளர் ப்ரெண்ட் மஸ்பர்கர் அந்தப் போட்டியை ‘மார்ச் மேட்னஸ்’ என்று அழைத்தார். அவர் முன்பு சிகாகோ நாளிதழில் விளையாட்டுச் செய்தியாளராக இருந்தவர். சிகாகோ இருப்பது இல்லினாயில். பள்ளிப் போட்டியின் பெயர் ஒரே பருவத்தில் பல்கலைக்கழகப் போட்டியின் பெயராகிவிட்டது. அதற்குப் பிறகு நாடு முழுவதும் அந்தத் தொடரைக் கேட்டவர்களுக்கு நினைவுக்கு வந்தவை பெரிய பல்கலைக்கழக அணிகள்தான். இதற்கிடையில் இன்டர்ஸ்போர்ட் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனம் தன் நிகழ்ச்சி ஒன்றுக்காக அதே பெயரை 1989-இல் வணிகக்குறியாகப் பதிவுசெய்து வைத்திருந்தது.

பல்கலைக்கழகப் போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பிடம் அனுமதி பெற்று ஜி.டி.இ. வான்டேஜ் நிறுவனம் ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டு, அதில் இந்தத் தொடரைப் பயன்படுத்தியது. இல்லினாய் பள்ளிச் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. 1996-இல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ரிச்சர்டு போஸ்னர் எழுதிய தீர்ப்பு பள்ளிச் சங்கத்துக்கு எதிராகப் போனது. ஒரு சொல் யாரைக் குறிக்கிறது என்பதைப் பொதுமக்களின் பயன்பாடுதான் தீர்மானிக்கிறது. மக்களும் ஊடகமும் இரண்டு போட்டிகளையும் அதே பெயரால் அழைக்கத் தொடங்கிய பிறகு அது இருவருக்கும் பொதுவான பெயர். ஒருவர் மற்றவரைத் தடுக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பள்ளிச் சங்கம் எந்தத் தவறும் செய்யவில்லை. தன் பெயரைக் கைவிடவும் இல்லை. ஒரு வர்ணனையாளரின் வாய்ச்சொல்லும் அதைத் தொடர்ந்த ஊடகப் பெருக்கமுமே அதன் தனியுரிமையைக் கரைத்துவிட்டன. பெரிய ஒலிபெருக்கி வைத்திருப்பவர் பேசினால் சிறியவரின் உரிமை தானாகவே தேயும் என்ற நிலையை இந்தத் தீர்ப்பு சட்டமாக ஏற்றுக்கொண்டது. தர்க்கத்தில் அதற்கு இடமிருக்கலாம், நியாயத்தில் உறுத்துகிறது.

பிறகு நடந்தது வணிகம். 2000-இல் பள்ளிச் சங்கமும் என்.சி.ஏ.ஏ.வும் சேர்ந்து ‘மார்ச் மேட்னஸ் விளையாட்டுச் சங்கம்’ என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்து உரிமையைப் பகிர்ந்துகொண்டன. அந்தப் பெயரில் இணைய முகவரி வாங்கி வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் மீது கூட்டாகத் தொடுத்த வழக்கில், இது பொதுச்சொல் ஆகிவிடவில்லை, செல்லுபடியாகும் வணிகக்குறிதான் என்ற தீர்ப்பையும் பெற்றன. இன்டர்ஸ்போர்ட்டிடம் எஞ்சியிருந்த உரிமையை என்.சி.ஏ.ஏ. பின்னாளில் 1.72 கோடி டாலருக்கு வாங்கியது. போர்ட்டர் எழுதியது சங்க இதழில் ஒரு கட்டுரையும் ஒரு கவிதையும்தான். அவர் கொடுத்த இரண்டு சொற்களின் ஒரு பகுதி உரிமைக்கே இவ்வளவு விலை.

அதே போட்டியின் கடைசி நான்கு அணிகளைக் குறிக்கும் ‘ஃபைனல் ஃபோர்’ என்ற தொடரும் ஒரு பத்திரிகையாளர் தந்ததே. கிளீவ்லாந்து நகரின் ‘பிளெயின் டீலர்’ நாளிதழின் எட் சே, 1975-இல் என்.சி.ஏ.ஏ.வின் கூடைப்பந்துக் கையேட்டில் எழுதிய கட்டுரையில், முந்தைய ஆண்டு மார்க்கெட் அணி கடைசி நால்வரில் ஒன்றாக வந்தது என்று சாதாரணமாகக் குறிப்பிட்டிருந்தார். 1978-இல் என்.சி.ஏ.ஏ. அதைப் பெரிய எழுத்தில் போட்டுப் பெயராக்கியது, பின்பு வணிகக்குறியாக்கியது. கடைசிப் பதினாறைக் குறிக்கும் ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ மட்டும் வேறு வழியில் போனது. கென்டக்கி மாநிலப் பள்ளிகளின் சங்கம் அதை முந்திக்கொண்டு பதிவுசெய்துவிட்டது, என்.சி.ஏ.ஏ. அந்தச் சங்கத்திடம் உரிமம் பெற்றே பயன்படுத்துகிறது. இல்லினாய்க்கும் கென்டக்கிக்கும் இருந்த வேறுபாடு, காலத்தில் பதிவுசெய்த ஒரு விண்ணப்பம்.

கிரிக்கெட்டின் பெரும் பெயர்களும் இதே வழியில் வந்தவை. 1882 ஆகஸ்டு 29-இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து 7 ரன்களில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. சில நாள்களில் ‘ஸ்போர்ட்டிங் டைம்ஸ்’ இதழில் ரெஜினால்டு ஷெர்லி புரூக்ஸ், ஆங்கிலக் கிரிக்கெட் காலமாகிவிட்டது, உடல் எரியூட்டப்பட்டுச் சாம்பல் ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துச் செல்லப்படும் என்று மரண அறிவிப்புப் பாணியில் எழுதினார். ஆஸ்திரேலியாவுக்கு அடுத்த பயணம் போன இங்கிலாந்து அணியின் தலைவர் ஐவோ பிளை, அந்தச் சாம்பலை மீட்கப் போவதாகப் பேசத் தொடங்கினார். இன்று ‘ஆஷஸ்’ இரண்டு கிரிக்கெட் வாரியங்களுக்கும் ஒளிபரப்பாளர்களுக்கும் பெருவருமானம் தரும் பெயர். 1932-33 தொடரில் மட்டையாளரின் உடலைக் குறிவைத்த பந்துவீச்சுக்கு வந்த ‘பாடிலைன்’ என்ற சொல்லும் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர்களிடமிருந்து வந்ததே. தந்தி மூலம் செய்தி அனுப்பிய காலம் அது, சொல்லைச் சுருக்க வேண்டிய தேவை இருந்தது. பாகிஸ்தான் சுழல் பந்துவீச்சாளர் சக்லைன் முஷ்டாக்கின் ‘தூஸ்ரா’ பந்தின் பெயருக்கு விக்கெட் காப்பாளர் மொயின் கானின் குரலே மூலம்; டோனி கிரெய்க் போன்ற வர்ணனையாளர்கள் அதை உலகச் சொல்லாக்கினார்கள்.

முதலில் எழுதியவருக்குப் பதிப்புரிமை ஏன் உதவுவதில்லை? பதிப்புரிமைச் சட்டம் கருத்தைக் காப்பதில்லை, கருத்து எழுதப்பட்ட வடிவத்தை மட்டும் காக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879-இல் பேக்கர்–செல்டன் வழக்கில் கணக்குப் பதிவு முறை பற்றிய ஒரு நூலை முன்வைத்து இதைத் தெளிவாக்கியது: நூலுக்கு உரிமை உண்டு, அது விளக்கும் முறைக்கு இல்லை. இரண்டு மூன்று சொற்களில் கருத்தும் வடிவமும் ஒட்டிப் பிறக்கின்றன. அந்தச் சொற்களைக் காத்தால் கருத்தையே பூட்டிவைத்ததாகும். அதனால் தலைப்புகள், முழக்கங்கள், சிறு தொடர்கள் ஆகியவற்றுக்குப் பெரும்பாலான நாடுகளில் பதிப்புரிமை கிடைப்பதில்லை.

ஒளிபரப்பாளர் ஒருவரின் மீதே இந்தக் கேள்வி எழுந்த வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் 1989-இல் தீர்த்த ஹியூ கிரீன் வழக்கு. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் ஓடிய ‘ஆப்பர்சூனிட்டி நாக்ஸ்’ என்ற திறமைத்தேடல் நிகழ்ச்சியை நடத்தியவர் அவர். நியூசிலாந்து ஒளிபரப்புக் கழகம் 1975-லும் 1978-லும் அதே பெயரில், அதே அமைப்பில் நிகழ்ச்சி நடத்தியது. போட்டியாளரை அறிமுகப்படுத்த ஒரு பரிந்துரையாளர் வருவது, கைதட்டலை அளக்கும் ‘கிளாப்போமீட்டர்’ கருவி, ஒவ்வொரு போட்டியாளருக்கும் சொல்லும் அதே வாசகம், பார்வையாளர்களை நோக்கிய அதே பேச்சு எல்லாம் அங்கும் இருந்தன. கிரீன் தோற்றார். நிகழ்ச்சியின் எழுத்துப்பிரதிகளே நீதிமன்றத்தில் முன்வைக்கப்படவில்லை. பொதுவான விவரிப்பு மட்டுமே இருந்தது. ஆங்காங்கே திரும்ப வரும் வாசகங்களும் உத்திகளும் ஒன்றுசேர்ந்து ஒரு நாடகப் படைப்பாகிவிடாது என்று நீதிபதிகள் கூறினர். வாரம் மாறினால் பாடல் மாறும், ஆள் மாறும், வரிசை மாறும்; மாறாமல் நிற்கும் எலும்புக்கூடு மட்டும் படைப்பு ஆகாது என்பது அவர்கள் வாதம். நிகழ்ச்சி வடிவங்களைப் பற்றி உலகெங்கும் நடக்கும் வழக்குகளில் இன்றும் இந்தத் தீர்ப்பு மேற்கோளாகிறது.

இந்தியாவில் இதற்கு இணையான அடித்தளம் ஆர்.ஜி. ஆனந்த்–டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கு. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற நாடகத்தை எழுதியவர் ஆனந்த். பஞ்சாபிக் குடும்பத்துக்கும் மதராஸிக் குடும்பத்துக்கும் இடையே வரும் காதலை வைத்து மாகாண வெறியைக் கண்டித்த நாடகம் அது. 1956-இல் கிஷோர் குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்து வந்த ‘நியூ டெல்லி’ திரைப்படத்திலும் பஞ்சாபி இளைஞன், தமிழ்க் குடும்பம், அதே மாகாண வெறி. படம் எடுப்பதற்கு முன் நாடகத்தைக் கதையாக ஆனந்திடமே கேட்டிருந்தார்கள் என்பதும் வழக்கில் வந்தது. இருந்தும் 1978-இல் உச்ச நீதிமன்றம் படத்தின் பக்கமே நின்றது. கரு ஒன்றாக இருக்கலாம். அதை நடத்திய விதம், காட்சிகள், படத்தில் வரும் வரதட்சணை போன்ற கூடுதல் பொருள்கள் வேறு. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு இது அதன் நகல் என்ற எண்ணம் தவிர்க்க முடியாமல் எழ வேண்டும் என்று நீதிமன்றம் அளவுகோல் வைத்தது. அந்த அளவுகோல்தான் இன்றுவரை இந்திய நீதிமன்றங்களின் வழிகாட்டி. சில சொற்களில் ஒரு யோசனையைச் சொல்லிவிட்டு, அதே யோசனையைத் தொலைக்காட்சியில் பார்த்துக் குமுறுகிறவர் யாரும் இதைத் தாண்ட முடியாது.

முழக்கங்களைப் பொறுத்தவரை டெல்லி உயர் நீதிமன்றம் இன்னும் நேராகப் பேசியிருக்கிறது. பெப்சி தன் ‘யே தில் மாங்கே மோர்’ முழக்கத்தைக் கோகோ கோலா விளம்பரம் கேலி செய்ததாக வழக்குத் தொடர்ந்தபோது, விளம்பர முழக்கத்துக்குப் பதிப்புரிமை இல்லை, தன் பொருளைப் பிறருடையதாகக் காட்டி ஏமாற்றுதல் என்ற அடிப்படையில் வேண்டுமானால் பாதுகாப்பு கேட்கலாம் என்று 2003-இல் கூறியது. அந்த முழக்கம் அதற்குள் நிறுவனத்தின் கையை விட்டுப் போயிருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. 1999 கார்கில் போரில் கேப்டன் விக்ரம் பத்ரா அதைத் தன் வெற்றிச் செய்தியாகச் சொல்லி, தொலைக்காட்சியில் நாடே கேட்டிருந்தது. பான் மசாலா விளம்பரம் ஒன்றின் ‘ஷௌக் படீ சீஸ் ஹை’ என்ற வாசகத்தைப் பற்றிய 2012 வழக்கிலும் அதே நீதிமன்றம் அதே முடிவைத் தந்தது.

ஆக முழக்கத்துக்கு எஞ்சும் வழி வணிகக்குறி. அதில் முதலில் சொன்னவருக்கு முன்னுரிமை கிடையாது. வணிகத்தில் முதலில் பயன்படுத்தியவருக்கும், பதிவுசெய்தவருக்கும்தான் உண்டு. இந்தியாவில் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உடைகள் 25-ஆம் வகுப்பு, பொழுதுபோக்கும் விளையாட்டும் 41. ஒரு வகுப்பில் பதிவு வைத்திருப்பவர் மற்றொன்றில் தானாகவே உரிமை கொண்டாட முடியாது. ஒரு சொல்லைத் தாளில் எழுதிப் புகழ்பெறச் செய்தவர், அதைச் சட்டையில் அச்சிட்டு விற்றவரிடம் தோற்பதற்குக் காரணம் இந்த அமைப்பு.

‘திரீ-பீட்’ கதை இதன் கூர்மையான எடுத்துக்காட்டு. 1988-இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி தொடர்ந்து இரண்டாவது முறை கோப்பையை வென்றது. மூன்றாவதையும் வெல்வோம் என்று ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டபோது பைரன் ஸ்காட் இந்தச் சொல்லைச் சொன்னதாகவே பொதுவாகக் குறிக்கப்படுகிறது. பயிற்சியாளர் பாட் ரைலியின் நிறுவனம் அதைச் சட்டை, தொப்பிகளுக்கான வணிகக்குறியாகப் பதிவுசெய்தது. 1989 இறுதிச் சுற்றில் லேக்கர்ஸ் டெட்ராய்ட்டிடம் தோற்றது; சொல் பிழைத்துக்கொண்டது. 1993-இல் சிகாகோ புல்ஸ் தொடர்ந்து மூன்றாவது முறை வென்றபோது அச்சான சட்டைகளுக்கு ரைலிக்கு உரிமத்தொகை போனது. அந்த ஆண்டு புல்ஸ் வழியில் வீழ்த்திய நியூயார்க் நிக்ஸ் அணியின் பயிற்சியாளரும் அவரே. இது பொதுச்சொல் ஆகிவிட்டது, பதிவை ரத்துசெய்ய வேண்டும் என்று பின்னர் வந்த மனுவும் தோற்றது.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ‘பன்னிரண்டாவது ஆட்டக்காரர்’ என்ற தொடரை 1990-இல் பதிவுசெய்தது. 1922-இல் ஆட்டக்காரர்கள் காயமடைந்துகொண்டே போன ஓர் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் கிங் கில் என்ற மாணவர் உடை மாற்றிக்கொண்டு களத்துக்கு வெளியே தயாராக நின்ற நினைவில் எழுந்த பெயர் அது. சியாட்டில் சீஹாக்ஸ் அணி தன் ரசிகர்களை அதே பெயரில் அழைத்தபோது 2006-இல் வழக்கு வந்தது. அணி உரிமத்தொகை தர ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது. கிரிக்கெட் பார்க்கும் நாடுகளில் அதே தொடர் தண்ணீர் பாட்டில் சுமந்து வரும் மாற்று ஆட்டக்காரரைக் குறிக்கும். அங்கு யாரும் அதற்கு உரிமை கோர முடியாது. 2012 பிப்ரவரியில் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஜெரமி லின் நியூயார்க்கில் திடீரென்று ஒளிர்ந்தபோது ‘லின்சானிட்டி’ என்ற சொல்லைப் பதிவுசெய்ய அவரோடு தொடர்பே இல்லாத இருவர் அவருக்கு முன்பே விண்ணப்பித்தார்கள். ஒரு மனிதரின் பெயரோடு பொய்யான தொடர்பைக் காட்டுவதாகச் சொல்லி அலுவலகம் அவர்களை மறுத்தது. பெயர் லின்னுடையதாக இருந்ததால் அவர் தப்பினார். அந்தச் சொல்லைத் தலைப்புகளில் பரப்பியவர்களுக்கு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் 2008 முதல் முழங்கிவரும் ‘விசில் போடு’ இன்னொரு வகை. திரையரங்கின் முன்வரிசையில் நெடுங்காலமாகப் புழங்கிய சொல் அது. அணி அதை மஞ்சள் சட்டையோடு சேர்த்துக் கட்டியது. 2024-இல் ‘கோட்’ திரைப்படத்தின் பாடல் ஒன்று அதே சொற்களைத் தலைப்பாக்கியது. தோனிக்கு ரசிகர்கள் வைத்த ‘தல’யும் 2001-இல் வந்த ‘தீனா’ படத்தின் மூலம் அஜித்துக்கு அமைந்த பெயர்தான். அதைத் தமிழ் வர்ணனையும் ஒளிபரப்பு விளம்பரமும் எடுத்துக்கொண்டன. இப்படித் திரைக்கும் களத்துக்கும் இடையே சொற்கள் போய்வருவதைத் திருட்டு என்று எவரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. ஒரு தெருவே சேர்ந்து செய்த சொல்லுக்கும், ஒருவர் தனியாக உட்கார்ந்து யோசித்து எழுதிய சொல்லுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சட்டம் பார்ப்பதில்லை. பத்திரிகை அறம் பார்க்க வேண்டும்.

சொற்களைவிடச் சுதந்திரமாகக் கைமாறுவது ஒளிபரப்பு உத்தி. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கரின் சேனல் நைன் 1977-79-இல் உலகத் தொடர் கிரிக்கெட்டை நடத்தியபோது விளக்கொளி ஆட்டம், வண்ண உடை, இரு முனையிலும் கேமரா என்று கொண்டுவந்த எல்லாவற்றையும், அவரை எதிர்த்த வாரியங்களே பின்பு எடுத்துக்கொண்டன. அங்கே பணியாற்றிய டேவிட் ஹில் 1992-இல் பிரிட்டனின் ஸ்கை ஸ்போர்ட்ஸில் திரையின் மூலையில் ஸ்கோரையும் நேரத்தையும் நிரந்தரமாக நிறுத்தினார். அதற்கு முன், நடுவில் வந்து சேர்ந்த பார்வையாளர் வர்ணனையாளர் ஸ்கோர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். 1994-இல் அவரே அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலுக்கு அதைக் கொண்டுபோனார். சில ஆண்டுகளில் அது இல்லாத விளையாட்டு ஒளிபரப்பே உலகில் இல்லாமல் போனது. ஒருவரும் ஒருவருக்கும் பணம் தரவில்லை. மட்டையாளர் அடித்த திசைகளை வண்டிச்சக்கரம் போலக் காட்டும் வரைபடமும் ஆஸ்திரேலிய ஸ்கோரர் பில் ஃபெர்குசன் காகிதத்தில் போட்டுவந்த முறையிலிருந்து வந்தது. கருவியாக இருந்தால் நிலைமை வேறு. அமெரிக்கக் கால்பந்துத் திரையில் 1998-இல் ஸ்போர்ட்விஷன் நிறுவனம் வரைந்த மஞ்சள் கோட்டுக்குக் காப்புரிமை இருந்தது. போட்டி நிறுவனத்தோடு வழக்கும் நடந்து சமரசத்தில் முடிந்தது.

இந்தியாவில் ஒரு முழுப் போட்டியின் வடிவமே இப்படிக் கைமாறியதாகப் பேசப்பட்டதுண்டு. ஒளிபரப்பு உரிமை கிடைக்காத ஜீ குழுமம் 2007-இல் இந்தியன் கிரிக்கெட் லீகை அறிவித்தது: நகரங்களின் பெயரில் அணிகள், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், இருபது ஓவர். அந்த ஆண்டே பஞ்சகுலாவில் நடந்த முதல் தொடரைச் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் வென்றது. கிரிக்கெட் வாரியம் அதில் ஆடியவர்களைத் தள்ளிவைத்துவிட்டு, 2007 செப்டம்பரில் ஐ.பி.எல்.-ஐ அறிவித்து 2008-இல் தொடங்கியது. சென்னைக்கு சூப்பர் கிங்ஸ் வந்தது. நகர அணிகள் என்ற வடிவம் அமெரிக்க, ஐரோப்பிய லீகுகளில் நூறாண்டாக இருப்பது. இருபது ஓவர் ஆட்டம் 2003-இல் இங்கிலாந்தில் ஸ்டூவர்ட் ராபர்ட்சனின் யோசனையில் பிறந்தது. ஆகவே ஜீயும் இதைத் தன் சொந்தம் என்று கோர முடியாது. ஆனால் இந்தியாவில் முதலில் துணிந்து செலவிட்டவர்கள் யார் என்பதை வரலாறு சொல்ல வேண்டும்; ஐ.பி.எல்.-இன் பிறப்பைப் பேசும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

வெளியிடப்படாத யோசனைக்கு மட்டும் இந்தியச் சட்டம் ஒரு வலுவான கவசம் தருகிறது: ரகசியக் காப்பு. அனில் குப்தா என்பவர் ‘ஸ்வயம்வர்’ என்ற நேரடித் திருமண நிகழ்ச்சியின் கருத்தைச் சோனியிடம் விளக்கியிருந்தார். பின்பு சோனி ‘சுப் விவாஹ்’ என்ற நிகழ்ச்சியை அறிவித்தது. 2002-இல் டெல்லி உயர் நீதிமன்றம் நான்கு மாதங்களுக்குத் தடை விதித்தது. ஸ்வயம்வரம் புராணத்தில் இருப்பது, எவரும் எடுக்கலாம். ஆனால் அதைத் தொலைக்காட்சியில் உண்மை நிகழ்ச்சியாக்கும் கருத்து உழைப்பால் விளைந்தது, நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டது என்பது காரணம். சன்டையல் நிறுவனம் கண்ணனை வைத்துத் திட்டமிட்ட தொடரின் குறிப்பை ஜீயிடம் காட்டிய பிறகு அதையொத்த தொடர் அறிவிக்கப்பட்டபோது, 2003-இல் மும்பை உயர் நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. 2007-இல் ஊர்மி ஜுவேகர், குடிமக்கள் தங்கள் வட்டாரப் பிரச்சினையைத் தாங்களே தீர்க்கும் நிகழ்ச்சிக்கான தன் குறிப்பு செய்திச் சேனல் ஒன்றில் வேறு பெயரில் வந்ததாகத் தொடுத்த வழக்கிலும் மும்பையில் வென்றார்.

மூன்று வழக்குகளிலும் வென்றவர்கள் வைத்திருந்தவை ஒரே மாதிரியானவை: தேதியிட்ட எழுத்துக் குறிப்பு, சந்திப்பு நடந்ததற்கான கடிதம் அல்லது மின்னஞ்சல், யாரிடம் சொன்னோம் என்ற பெயர். சிலர் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தில் கருத்தைப் பதிந்தும் வைத்திருந்தார்கள். விளையாட்டைப் பற்றி எழுதி வெளியிடுகிறவரின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. வெளியிட்ட கணத்தில் ரகசியம் போய்விடுகிறது. ரகசியம் போனால் இந்தக் கவசமும் இல்லை. வாசகருக்குத் தருவதற்காக எழுதியவர், ஒரு நிறுவனத்தின் அறைக்குள் மட்டும் சொன்னவரைவிடச் சட்டத்தில் பலவீனராக நிற்கிறார்.

செய்தியும் எண்ணும் வெளியிட்ட யோசனையைவிடத் திறந்தவை. 1997-இல் அமெரிக்காவில், ஆட்டம் நடக்கும்போதே ஸ்கோரைப் பேஜரில் அனுப்பிய மோட்டோரோலா, கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வை வழக்கில் வென்றது. இந்தியாவில் குறுஞ்செய்தி ஸ்கோர் சேவைகளுக்கு 15 நிமிடத் தாமதம் விதித்த உத்தரவை டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2013-இல் நீக்கியது. ஸ்கோர் என்பது நடந்த நிகழ்ச்சி, அதற்கு உரிமையாளர் இல்லை.

ஒப்புமை கண்ணில் பட்டாலே நகல் என்று முடிவுகட்டுவதும் தவறு. பெரிய ஆட்டத்துக்கு முன் எல்லாப் பேனாக்களும் பழிதீர்த்தல், போர், திருவிழா என்று ஒரே சிறு குவியலில்தான் கையை விடுகின்றன; 1983 என்ற எண் வந்ததும் கபில்தேவும் லார்ட்ஸ் பால்கனியும் வருவார்கள். படித்ததை மறந்துவிட்டுத் தன் யோசனை என்றே நம்பி எழுதுவதும் உண்டு. 1976-இல் ஜார்ஜ் ஹாரிசனின் பாடல் வழக்கில் நீதிமன்றம் அதை நனவிலி நகல் என்று ஏற்றுக்கொண்டு, பொறுப்பை மட்டும் விலக்கவில்லை. ஐயம் வலுப்பெறுவது மூன்று இடங்களில்: ஒப்புமை பொதுக் குவியலில் இல்லாத ஒன்றாக இருக்கும்போது, ஒரே வரிசையில் பல வரும்போது, மூலத்தின் பிழையும் சேர்ந்து வரும்போது. 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஃபைஸ்ட் வழக்கில் ஒரு தொலைபேசி நிறுவனம் தன் விவரப்பட்டியலில் கற்பனைப் பெயர்களைக் கலந்திருந்தது. அவற்றில் நான்கு மற்றவரின் பட்டியலிலும் இருந்தன. நகலெடுத்தது ஐயமறத் தெரிந்தது. ஆனால் பட்டியலில் படைப்பாற்றல் இல்லை என்பதால் நகலெடுத்தவரே வென்றார். எடுத்தார் என்று நிறுவுவதும், எடுத்தது குற்றம் என்று நிறுவுவதும் தனித்தனிப் படிகள்.

சட்டம் விட்ட இடத்தில் இருப்பது பெயர் சொல்லும் வழக்கம் ஒன்றே. திரைப்படத்தின் இறுதியில் தேநீர் கொடுத்தவர் பெயர்வரை ஓடுகிறது. விளையாட்டு ஒளிபரப்பில் எண்ணைத் தோண்டியெடுத்தவர், ஒப்பீட்டை முதலில் எழுதியவர் பெயர் அரிதாகவே வருகிறது. இரண்டு நொடி எழுத்துப் பட்டை போதும், செலவில்லை. கிரிக்கெட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி மழை விதிதான். ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் வகுத்த முறை 1997-இல் முதலில் பயன்பட்டு, 1999-இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலால் ஏற்கப்பட்டது. ஸ்டீவன் ஸ்டெர்ன் திருத்தியமைத்த பிறகு அவர் பெயரும் சேர்ந்தது. கேரளப் பொறியாளர் வி. ஜெயதேவன் வகுத்த மாற்று முறையைச் சர்வதேச கவுன்சில் ஏற்கவில்லை. ஆனால் இந்தியன் கிரிக்கெட் லீகும் தமிழ்நாடு பிரீமியர் லீகும் எடுத்துக்கொண்டன. திண்டுக்கல்லிலோ திருநெல்வேலியிலோ மழை குறுக்கிட்டு ஆட்டம் முடிந்தால், எத்தனை ரன்னில் வெற்றி என்பதோடு ‘வி.ஜே.டி. முறைப்படி’ என்று அவருடைய பெயரெழுத்துகளையும் சேர்த்தே முடிவு அறிவிக்கப்படுகிறது.